செட் ஆகாத மூலை

ஈறு வலித்தது. கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே வலிதான் ராணியம்மாளை எழுப்பியது. மேல் ஈறில், இடது பக்கம், பல் செட்டு அழுத்துகிற இடத்தில் விண்விண் என்று தெறித்தது. கழுத்து வலியும் இடுப்பு வலியும் அவளுக்குப் பழைய குடித்தனக்காரர்கள். வாடகை கொடுக்காமல் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார்கள். இந்த ஈறு வலிதான் புதுசு, நாலு மாதம்.

போன வருஷம் வேலையில், மேலேயிருந்து, தளக் கலவையைத் தாங்க அடியில் பரப்புகிற சென்ட்ரிங் தகடு ஒன்று நழுவி வாயில் அடித்தது. முன்பல் நாலும் அங்கேயே விழுந்தன. மற்றவை ஆடி ஆடி ஒவ்வொன்றாய்ப் போயின. இலவச முகாமில் பல் செட்டு கொடுத்தார்கள். "போட்டுப் பழகுங்கம்மா, ரெண்டு வாரத்துல செட் ஆயிடும்" என்றாள் அங்கேயிருந்த டாக்டர் பெண். ஆகவில்லை. டம்ளர் தண்ணீரில் அது ராத்திரி முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தது. எடுத்து உதறி மடியில் முடிந்துகொண்டு, தகரக் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் அவளுடைய வீடு நின்றது. சுவர் நாலும் ஏறி, மேலே தளம் போட்டு இன்றைக்குப் பதினோரு நாள். இருபது அடிக்குப் பதினாலு அடி. பின்பக்க மூலையில் சமையலுக்கு ஒரு தடுப்பு. உள்ளே நுழைய முடியாது. தளத்தைத் தாங்கிக்கொண்டு சவுக்கு முட்டுகள் காடு மாதிரி நின்றன.

பக்கத்து நிலத்துக்காரர் சக்திவேலின் கொல்லியில் பம்பு செட்டு ஓடும் சத்தம் கேட்டது. மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். குடத்தோடு போய்த் தண்ணீர் பிடித்து வந்து, ஏணியில் ஏறி, தளம் காயாமல் இறுகுவதற்காக அதன்மேல் கட்டியிருந்த பாத்தியில் ஊற்றினாள். ஏழு குடம். ஏழாவது குடத்தை ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரே மலை உச்சியில் கார்த்திகை தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாலு நாள் கழித்து அது அணையும். அவளுடைய தளம் முழுக்க இறுக இன்னும் பத்து நாள் வேண்டும்.

"அம்மா, பல்லப் போட்டுக்கினு எறங்கு. சொக்கா போட்ட மாதிரி அதுவும் பழகணும்" என்று கீழேயிருந்து எழிலரசி கத்தினாள். அவளுடைய ஒரே மகள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஜனங்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை.

"செட் ஆவலடி."

"எதுதான் உனக்கு செட் ஆச்சு? காலைலேர்ந்து அந்த ஒரு வார்த்தையே சொல்லிக்கினு இருக்கற."

"நானா சொல்றேன்? ஊரே சொல்லுது."

அது உண்மைதான். ராணியம்மாள் பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரைக்கும். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வேலை செய்கிற இடத்தில் தலைமேல் ஏறி வந்தது. அதிலே இந்தச் சொல் சித்தாளைப் போல, எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வந்து நிற்கும். கலவை இறுகினால் செட் ஆச்சு. கூட வேலை செய்கிற கூட்டத்துக்குப் பேர் செட்டு. "நீ எந்த செட்டு ஆளு?" என்றுதான் மேஸ்திரிகள் கேட்பார்கள், ஊர் பேர்கூட அப்புறம்தான். தண்ணீர் இறைத்தால் பம்பு செட்டு, கோவில் திருவிழாவில் அலறினால் மைக் செட்டு, வாயில் குத்தினால் பல் செட்டு. கல்யாணத்துக்குக் கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்து வாங்குவது ஒரு செட்டு. ஹோட்டலில் இரண்டு தோசை சேர்ந்தால் செட்டு. போன ஆவணியில் எழிலரசியைப் பார்க்க வந்தவர்கள் தகரக் கொட்டகையை ஏற இறங்கப் பார்த்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய், "செட் ஆகாதுங்க" என்று போனில் சொன்னார்கள். அதற்கும் அதே சொல்தான். அன்றைக்குத்தான் ராணியம்மாள் இந்த வீட்டை எப்படியாவது தூக்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"இங்கிலீஷ் டிக்‌ஷனரில அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான்மா" என்றாள் எழிலரசி, தலையைப் பின்னிக்கொண்டே.

"அப்ப அவங்களுக்கும் ஆள் பத்தல போல. இருக்கறவள வச்சே எல்லா வேலையும் வாங்கறாங்க."

எழிலரசி சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் முருகையன் மேஸ்திரியின் வண்டி வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே கூப்பிட்டார். ராணியம்மாளைவிட நாலு வயது சின்னவர். அவருடைய செட்டில்தான் அவள் இருபத்திரண்டு வருஷமாகச் சட்டி தூக்குகிறாள்.

"யக்கோவ்! லாட்ஜ்காரரு நாள் குறிச்சிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம."

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, வெளியூர்க்காரர்கள் தங்குகிற ஒரு விடுதிக்கு மாடியில் இரண்டு அறை கட்டுகிற வேலை அது.

"நல்லதுதானே மேஸ்திரி. ஆறு நாளா மழையில குந்திக்கினு கெடக்கறோம்."

"அதான் கார்த்திகைல கடைசி முகூர்த்தம். அத உட்டா மார்கழி. மார்கழில எவன் தளம் போடுவான்? நம்ம ஆளுங்களுக்கு அப்பறம் தையிலதான் வேல." அவர் அவளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார். "தகடு கம்மியா இருக்குதுக்கா. உன் வீட்டுக்கு அடியில நாப்பத்தெட்டு மாட்டிக்கினு இருக்குது. முட்டும் வேணும்."

ராணியம்மாளுக்கு ஈறு ஒரு முறை சுருக்கென்றது. "இருபத்தொரு நாள் கழிச்சிதான் பிரிக்கணும்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க?"

"அது வெளியாளுக்குச் சொல்றது."

"கான்கிரீட்டுக்கு வெளியாளு உள்ளாளு தெரியுமா?"

"செட் ஆயிருக்கும்க்கா. நான் பாக்காத தளமா? பத்து மணிக்கு ஆளுங்களோட வரேன்." வண்டியைத் திருப்பியவர், போகிறபோக்கில் சொன்னார்: "உன் வேலைக்குக் கூலி வாங்காம வந்த செட்டுக்கா அது. அவங்க அடுப்பையும் பாக்கணும்ல."

வண்டி போய்விட்டது. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வாசலில் நின்றது.

அவர்கள் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. செட்டில் யாராவது சொந்தமாக வீடு கட்டித் தளம் போட்டால், அன்றைக்கு எல்லாரும் வருவார்கள். கூலி கிடையாது, மத்தியானச் சாப்பாடு மட்டும். அதற்குப் பதிலாக, வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வேலை செய்து கொடுக்க வேண்டும். நடவோ, கிணற்று மண் தூக்குவதோ, அவரவர் கூப்பிடுகிற அன்றைக்குப் போய் நிற்க வேண்டும். மாத்து நாள் என்று அதற்குப் பேர். அதைக் காசாகக் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடிக்கிற இன்னொன்றும் உண்டு. மாத்து நாளில் வந்து செய்த வேலையைக் குறை சொல்லக் கூடாது. சும்மா வந்த கையைப் பார்த்து, சரியாகச் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் ராணியம்மாள் பதினோரு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். தளம் போட்ட அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கலவை மிஷின் சுற்றியது, சட்டி கைமாறியது, முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் வந்தார்கள். மூன்று மணிக்கு மழை கறுத்துக்கொண்டு வந்தது. பின் மூலை மட்டும்தான் பாக்கி, இரண்டு கலவை. அவளும் சட்டி தூக்கினாள். அந்த இரண்டு கலவையும் தலையில் தளும்பின. நல்ல கலவை சட்டியில் அசையாது, கனமாக உட்கார்ந்திருக்கும். இது மோர் மாதிரி ஆடியது. சும்மாட்டை நனைத்து, சாம்பல் தண்ணீர் பிடரி வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. சிமெண்ட் பட்ட இடம் ஒரு வாரம் எரிந்தது, இன்னமும் தோல் உரிகிறது. தண்ணீர் அதிகமாகப் போன கலவை இறுகத் தாமதமாகும், இறுகினாலும் பலம் இருக்காது. இதைக் கற்றுக்கொள்ள மேஸ்திரியாக இருக்க வேண்டியதில்லை. சட்டியைத் தூக்குகிறவளின் கழுத்துக்குத் தெரியும். என்ன, கழுத்தை யாரும் கேட்பதில்லை.

பத்து மணிக்குக் குட்டியானை வண்டி வந்தது. பின்னால் நின்றபடி பதின்மூன்று பேர், முன்னால் மேஸ்திரி. ஆறு நாள் வேலையில்லாத முகங்கள். இறங்குவதற்கு முன்பே சத்தம் ஆரம்பமாகிவிட்டது.

"யக்கா, டீ இல்லயா? புது வீட்டுக்காரம்மா ஆயிட்டீங்க, கேக்கவே பயமா இருக்குது" என்றாள் மணிமொழி. முப்பது வயது. மிஷினுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. செட்டிலேயே நீளமான நாக்கு அவளுடையதுதான்.

"ஒனக்கு டீ செட்டுல வச்சுத் தரேன், வா."

ஆண்கள் கடப்பாரையும் சுத்தியலுமாக வீட்டுக்குள் நுழையப் போனார்கள். ராணியம்மாள் வாசலில் போய் நின்றுகொண்டாள். பேச வாயெடுத்தாள், மகள் சொன்னதற்காகப் போட்டிருந்த பல் செட்டு நழுவி வார்த்தை குழறியது. யாரோ சிரித்தார்கள். அதைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

"செட்டக் கழட்டிட்டாங்கடா. இனிமே சண்டைதான்" என்றது வண்டியோரம் ஒரு குரல்.

"சண்ட இல்ல" என்றாள் ராணியம்மாள். பொக்கை வாயில் குரல் காற்றாக வந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "முன்பக்கம் பிரிச்சிக்கோங்க. பின் மூலையில கை வைக்காதீங்க."

"ஏன்?" என்றார் மேஸ்திரி.

"அது இன்னும் செட் ஆவல."

"ஒரே நாள்ல போட்ட தளம். முன்னால செட் ஆயி பின்னால ஆவாதா? இன்னாக்கா பேசற?"

அவள் இடுப்பிலிருந்து ஒரு மூணு இன்ச் ஆணியை எடுத்தாள். காலையில் அவர் போன பிறகு, ஏணி வைத்து ஏறி அவளே பார்த்துவிட்டு வந்திருந்தாள். தளத்தின் ஓரப் பலகைகளை முதல் வாரத்திலேயே பிரித்துவிட்டதால் விளிம்பு வெளியே தெரிந்தது. ஏணியை முன்பக்கம் சாத்தி, ஏறி, விளிம்பில் ஆணியை வைத்து அழுத்திக் கீறினாள். கிறீச்சென்றது, கோடு விழவில்லை. இறங்கி, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். பதினாலு பேரும் பின்னாலேயே வந்தார்கள். அங்கே கீறினாள். ஆணி இறங்கியது. சாம்பல் பொடி உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்தது.

"ஏறிப் பாருங்க மேஸ்திரி."

அவர் ஏறினார். ஆணியை வாங்கி ஓரிடத்தில் கீறினார், ஒரு முழம் தள்ளி இன்னோரிடத்தில் கீறினார். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கடைசி ரெண்டு கலவைல தண்ணி ஜாஸ்தி" என்றாள் ராணியம்மாள். "அன்னிக்கே தெரியும். நாந்தான் தூக்கினேன். கழுத்தெல்லாம் ஓடிச்சு."

பீடி பற்றவைத்தவன் இழுக்காமல் நின்றான். மாத்து நாள் வேலையைக் குறை சொல்லியாகிவிட்டது. ராணியம்மாளுக்கு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று நின்றாள்.

மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்கினார். முகம் கறுத்திருந்தது. "பதிமூணு பேர வச்சிக்கினு சொல்லணுமாக்கா? என்னத் தனியாக் கூப்ட்டு சொல்லக் கூடாதா?"

"காலைல தனியாத்தான் வந்தீங்க. வண்டிய ஆஃப் பண்ணவே இல்லயே."

"என் மிஷின்ல கணக்கு மீறித் தண்ணி போவாது" என்றார் மேஸ்திரி.

"போச்சு" என்றாள் மணிமொழி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நாந்தான் ஊத்தினேன். ரெண்டு கலவைக்கும் ரெண்டு ரெண்டு பக்கெட்டு மேல. மேஸ்திரி அப்ப மேல இருந்தாரு. மழ வந்துக்கினு இருக்குது, தண்ணியா இருந்தா சீக்கரம் ஓடிப் பரவிடும்னு பாத்தேன். போட்டதெல்லாம் மழையில நாஸ்தியாயிடுமேன்னு..." தலையைத் தூக்கினாள். "யக்கா வீடாச்சேன்னுதான் பண்ணேன்."

அவள் வேறு எந்த வீட்டுக்கும் அப்படிச் செய்ததில்லை என்பது ராணியம்மாளுக்குத் தெரியும். வெளியாள் வீடாக இருந்தால் மழை வந்தால் வரட்டும் என்று நின்றிருப்பாள்.

மேஸ்திரி மணிமொழியைப் பார்த்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, "முன்னால மட்டும் பிரிங்கடா. மூலையில பத்து தகடும் ஒம்பது முட்டும் அப்படியே இருக்கட்டும். எவனாவது அதத் தொட்டீங்க, கைய ஒடச்சிடுவேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, முட்டு எடுக்கும்போது எப்போதும் செய்வதுபோல, தானே முதலில் உள்ளே போய்த் தளத்துக்கு அடியில் நின்றுகொண்டார்.

முட்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. தகடு கழன்று வரும்போது சப்பென்று ஒரு சத்தம் வரும். அது வந்தது. வெளியே நின்ற பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். தளம் அசையவில்லை. சாம்பல் நிறத்தில், தகடுகளின் கோடு விழுந்து, ஈரமாக, அப்படியே நின்றது. ராணியம்மாள் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ பேர் வீட்டில் பார்த்த அதே சாம்பல். கழுத்து வலித்தது, ஆனாலும் பார்த்தாள்.

முப்பத்தெட்டு தகடுகளோடு வண்டி போனது. குறைந்த பத்துக்கு மேஸ்திரி வேறொரு செட்டிடம் போய் இரவல் கேட்டு நின்றார். அப்படிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் மாடியில் தளம் போட்டார்கள். ராணியம்மாளும் போய் நாள் முழுக்கச் சட்டி தூக்கினாள். மேஸ்திரி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மணிமொழி பக்கெட்டை எண்ணி எண்ணி, ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லி, மிஷினில் ஊற்றினாள். யாரும் அதைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் ராணியம்மாளுக்குக் கஷ்டமாக இருந்தது.

மார்கழி பூராவும் செட்டுக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் ராணியம்மாள் மாத்து நாட்களைக் கழித்தாள். ஒருத்தர் வயலில் கரும்பு வெட்டினாள், ஒருத்தர் கொல்லியில் களை எடுத்தாள், இன்னொருத்தருக்கு மாட்டுக் கொட்டகைக்கு மண் சுமந்தாள். சாயந்திரம் திரும்பி வந்து, கொட்டகையில் படுத்து, சுவருக்கு அந்தப்பக்கம் ஒன்பது முட்டுகளும் நிற்பதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

தை பிறந்த மூன்றாம் நாள் மூலையைப் பிரித்தார்கள். சொல்லாமலே மேஸ்திரி வந்தார், கூட மணிமொழி. இந்தத் தடவை வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். தளம் தாங்கியது. ஆனால் ஓரிடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பிடிக்காமல், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. உள்ளே கம்பி விலா எலும்பாகத் தெரிந்தது. மேஸ்திரி தானே கலவை குழைத்து அதைப் பூசி அடைத்தார். முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"மழைக்குக் கசியும்க்கா. மேல ஒரு பூச்சு பூசிடு" என்றார். ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சரிங்க மேஸ்திரி."

"பொண்ணப் பாக்க எப்ப வராங்க?"

"வர்ற வெள்ளிக்கெழம. இது வேற எடம்."

"அந்த மூலையில பீரோவ வச்சிடு. எவன் அண்ணாந்து பாக்கப் போறான்?"

அவர் போனபின் மணிமொழி மட்டும் நின்றாள். பூசிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழைய நாக்கு இன்னும் திரும்பவில்லை.

"யக்கா, எல்லார் நாளும் கழிச்சிட்டியா?"

"ஒன்னோடது மட்டும்தான் நிக்குது. எப்ப வரணும், சொல்லு."

"எனக்கு நாள் வேணாம்க்கா. நான் செஞ்ச வேலைக்கு நாள் வேற கேக்கறதா? அது கழிஞ்சதுன்னு வச்சிக்கோ."

ராணியம்மாள் மடியிலிருந்து பல் செட்டை எடுத்து வாயில் பொருத்திக்கொண்டாள். வலித்தது. வலியோடே பேசினாள். "தண்ணி ஜாஸ்தி ஊத்தினது வேற. நீ வந்தது வேற. காலைல ஆறு மணிக்கு வந்து, மழ வர்ற வரைக்கும் நின்ன. இல்லன்னு சொல்லுவியா?"

மணிமொழி கீழே கிடந்த கலவைச் சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"மாசியில உன் அம்மா ஊட்டுல மணிலாக் கடல புடுங்குவீங்கல்ல? சொல்லி அனுப்பு."

"பாக்கலாம்க்கா" என்று சொல்லி அவள் போனாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசி போய் பங்குனியும் வந்துவிட்டது. மணிலா பிடுங்கி முடிந்ததாகக் கேள்வி. மணிமொழி சொல்லி அனுப்பவில்லை. மணிமொழிக்கு ராணியம்மாளின் ஒரு முழு நாள் வேலை இன்னும் பாக்கி.